கஃபீலின் கண்ணீரும் யத்தீமின் கடிதமும்

 

சென்ற ரமளானில் தராவீஹ் முடித்து வீடு திரும்பியபோது வளைகுடா நாடொன்றிலிருந்து ஒரு சகோதரரின் குரல்பதிவு வந்திருந்தது. "ஹஜ்ரத், அந்தப் பையன் என்னை மறந்துட்டானா? ஆறு மாசமா ஒரு லெட்டர் இல்ல, ஒரு துஆ இல்ல. சொந்தப் புள்ள மாதிரி நெனச்சேன். மனசு உடைஞ்சு போச்சு" என்று சொல்லி, இறுதியில் அவர் விம்மியதும் அதில் பதிவாகியிருந்தது. நான்காண்டுகளாக ஒரு மாதமும் தவறாமல் ஓர் அநாதைச் சிறுவனின் செலவுக்குப் பணம் அனுப்பியவர் அவர். கூடாரம் போன்ற தங்குமிடத்தில் எட்டுப் பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, தம் பிள்ளைகளையே இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்ப்பவர். அவருடைய கண்ணீரில் பொய் இல்லை. ஆயினும் அந்தக் கண்ணீரை எதிர்த்தே இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் என்னை எதிர்த்தும் எழுத வேண்டியிருக்கிறது. அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த கடிதங்களை எழுதியவன் நான்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றின் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் நான். அந்தச் சிறுவன் கொல்லிமலைமேல் செம்மேட்டுப் பக்கம் தேநீர்க்கடை வைத்திருந்த ஒருவரின் மகன். தந்தை மவுத்தானபோது அவனுக்கு வயது ஏழு. தாயும் கைக்குழந்தையாகத் தங்கையும் மலையிலேயே தங்கிவிட, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவன் மட்டும் எங்களிடம் வந்தான். வழியெல்லாம் வாந்தி எடுத்திருந்தான். அவனுக்குப் பொறுப்பேற்க வெளிநாட்டில் ஒருவர் முன்வந்தார் என்றபோது நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். அதன்பின் தொடங்கியது கடிதப் பாடம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், கரும்பலகையில் நான் ஒரு கடிதம் எழுதுவேன். வெளிநாட்டுப் பொறுப்பாளர் வாய்த்த ஐந்து பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுதுவார்கள். நலம், நலமறிய ஆவல், இத்தனை ஸூரா மனனம், உங்களுக்காகத் தஹஜ்ஜுத்தில் துஆ செய்கிறேன். தஹஜ்ஜுத் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி தூங்குவதை நாள்தோறும் பார்ப்பவன்தான் நான். பின்பு வெள்ளை ஜுப்பாவில் புகைப்படம். பெருநாளென்றால் கையேந்தி நிற்கும் காணொளி. ஒருநாள் அச்சிறுவன் எழுந்து கேட்டான்: "ஹஜ்ரத், 'அன்புள்ள அத்தா'ன்னு எழுதணுமா?" பொறுப்பாளர் அப்படி விரும்புவதாகச் சொல்லியிருந்தார். நான் ஆம் என்றேன். அவன் எழுதினான். எழுதிய பின் எழுதுகோலை மூடாமல் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று நான் அதற்கு எந்தப் பொருளும் கொள்ளவில்லை.

அடுத்த விடுமுறையில் அவன் பையில் கிடந்த கடித நகல் ஒன்று அவன் தாயின் கையில் சிக்கியது. மிளகு காயவைக்கும் களத்தில் கூலிவேலை பார்க்கும் அந்தப் பெண்மணி, நாமக்கல் பேருந்தைப் பிடித்து இறங்கி வந்து, மதரஸாவின் வாசலில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஹஜ்ரத், அவங்க அத்தா கபுரு மலையிலதான் இருக்கு. நான் எந்த முகத்தோட அங்க போய் நிக்கிறது?" மகனைக் கையோடு அழைத்துச் சென்றுவிட்டார். கடிதங்கள் நின்ற கதை இதுதான். மறதியால் நின்றவை அல்ல அவை.

பாய், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நம் சமூகத்தில் இப்போது அநாதைப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் ஒரு தொலைதூர உறவாக ஆகிவிட்டது. ஜித்தாவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் இங்குள்ள ஒரு பிள்ளைக்குப் பணம் அனுப்புகிறார்கள். இங்கிருப்பவர்கள் சிரியாவிலும் காஸாவிலும் உள்ள பிள்ளைகளுக்குத் தொண்டு நிறுவனங்கள் வழியாக அனுப்புகிறார்கள். படம் வருகிறது, மனம் நிறைகிறது. அடுத்த மாதம் செய்தி இல்லை; மனம் வாடுகிறது. பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்தால் அலுவலகத்தில் இனிப்பு வழங்குகிறோம். பிள்ளை படிப்பை நிறுத்தினால் நம்மையே ஏமாற்றிவிட்டதாகக் குமுறுகிறோம். இந்த ஏற்ற இறக்கங்களை ஈமானின் மென்மை என்று நாம் நமக்கே சொல்லிக்கொள்கிறோம். நான் கேட்பது இதுதான்: இந்த உணர்ச்சிக்கான எரிபொருளை யார் விளைவித்துத் தருகிறார்கள்? எட்டு வயதுப் பிள்ளை.

இங்கே கொல்லிமலையின் பழைய வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களல்லர் அவர்கள்; அவர்களுடைய நோக்கத்தோடு நமக்கு உடன்பாடும் இல்லை. ஆயினும் கடிதத்தால் பிள்ளை வளர்ப்பதன் வலியை இந்த மலையில் அவர்களைவிட அறிந்தவர் எவருமிலர். ஜெசி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேயக் கிறித்தவ ஊழியத் தம்பதி 1913இல் மணமுடித்து, மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிப் பிறர் ஏறத் தயங்கிய அந்த மலையின் வாழவந்திப் பகுதியில் குடியேறினர். மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர். ஊரில் அவர்களை எதிர்த்து நின்ற ஒரு பூசாரி, பரவிய காய்ச்சலில் இறக்கும் தறுவாயில் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன்பின் கைவிடப்பட்ட மலைக்குழந்தைகள் பலர் அந்த வீட்டில் வளர்ந்தனர்.

அதே வீட்டின் சொந்தப் பிள்ளைகள் எங்கே வளர்ந்தனர்? 1914இல் பிறந்த மகன் பால் ஒன்பது வயதானபோது, 1923இல், தங்கையோடு படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டான். பிறகு பெற்றோர் அவனுக்கு வெறும் கடிதங்கள்தாம். மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பற்றித் தந்தை எழுதுவார். கப்பல் அதைப் பல வாரங்கள் கழித்துச் சேர்க்கும். 1929இல் ஜெசி பிராண்ட் மலைமேல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. தந்தி சொல்லிவிட்ட பின்னரும், உயிரோடிருந்தபோது தந்தை எழுதிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. தந்தையை அவன் 1923க்குப் பிறகு பார்க்கவேயில்லை. பிற்காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற பால் பிராண்ட் அவர்தாம்.

அன்பில் அந்தத் தந்தைக்கு என்ன குறை? எழுத்திலும் குறையில்லை. இருந்தும் கடிதம் ஒரு தகப்பனாக ஆகவில்லை. பெற்ற தகப்பனின் கடிதமே தகப்பனாக ஆகாதபோது, முகமறியாத ஒருவருக்கு ஒரு பிள்ளை எழுதும் கடிதம் எப்படி மகனாக ஆகும்? தாய் ஈவ்லினின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வு பெற்ற பின்னரும் அவர் 1947இல் ஏறத்தாழ எழுபது வயதில் மீண்டும் மலைக்கே திரும்பி, 1974இல் 95 வயதில் மறையும்வரை அந்தச் சுற்றுவட்டார மலைகளிலேயே திரிந்தார். உதவி செய்ய விரும்பியவர் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குத் தாம் போனார். பிள்ளையின் படத்தைத் தம்மிடம் வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாராலும் அப்படி முடியாது என்பது உண்மை. முடியாதவர்கள் தமக்கு எது முடியும், எது முடியாது என்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்குப் படமும் கடிதமும் என்ற இந்த ஏற்பாடு நம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் அகதிக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இயக்கமும், கொரியப் போரின்போது 1952இல் அமெரிக்காவில் தோன்றிய கம்பேஷன் போன்ற அமைப்புகளும் இதை வளர்த்தெடுத்தன. பொதுப் பெட்டியில் காசு போடத் தயங்குகிறவர், ஒரு முகத்தைக் காட்டினால் மாதந்தோறும் தருவார் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பையே நம் தொண்டு நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன.

இதன் மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது. 1998இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் செய்தியாளர்கள் தாங்களே பொறுப்பாளர்களாகப் பதிவுசெய்து, தம் பெயரில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் புறப்பட்டனர். மாலி நாட்டில் அவர்கள் தேடிப் போன ஒரு சிறுமி, மின்னல் தாக்கி எப்போதோ இறந்துபோயிருந்தாள். பணமும் போய்க்கொண்டிருந்தது, அவளைப் பற்றிய செய்தியும் வந்துகொண்டிருந்தது. கொல்லிமலைத் தந்தையின் கடிதம் கப்பலின் தாமதத்தால் மரணத்துக்குப் பின் வந்தது. இந்தச் செய்திகளைப் பிறப்பித்தது எது? பொறுப்பாளரின் மனம் வாடக்கூடாது என்ற அலுவலக அக்கறை. என் கரும்பலகைக் கடிதத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் மிகக் குறைவு என்று எனக்குத் தோன்றியபோது சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

மேலும் ஒன்று. 2017 மார்ச்சில் அதே கம்பேஷன் நிறுவனம், மதமாற்றக் குற்றச்சாட்டின் பேரில் அரசு விதித்த முன்னனுமதிக் கட்டுப்பாட்டால் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகள் ஒரே நேரத்தில் தங்கள் பொறுப்பாளர்களை இழந்தனர். அமெரிக்காவில் பொறுப்பாளர்கள் அழுதார்கள் என்று செய்திகள் வந்தன. பொறுப்பாளருக்கு வேறொரு நாட்டில் வேறொரு பிள்ளையைக் காட்ட நிறுவனத்தால் முடியும். பிள்ளைக்கு வேறொரு பொறுப்பாளர்?

நியாயம் பேசுகிறவன் எதிர்த்தரப்பின் வலுவான சான்றை மறைக்கக்கூடாது. புரூஸ் வைடிக் முதலிய பொருளியலாளர்கள் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நிறுவனத்தின் ஆதரவைப் பெற்ற பிள்ளைகள் ஏனையோரைவிட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் படித்தனர் என்று காட்டியது. யாரோ ஒருவர் தன்மீது நம்பிக்கை வைத்திருக்கிறார் என்ற எண்ணமே பிள்ளையை உயர்த்துகிறது என்றும் அவர்கள் கருதுகிறார்கள். நான் இதை மறுக்கவில்லை. ஆகவேதான் பணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை வைத்த ஒருவர் இருப்பது வேறு; அந்த நம்பிக்கைக்கு மூன்று மாதத்துக்கொருமுறை நன்றி செலுத்தியாக வேண்டிய கடன் வேறு.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். அநாதையின் பொறுப்பை ஏற்பவரும் தாமும் சுவனத்தில் சுட்டுவிரலும் நடுவிரலும் போல் இருப்போம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நம்மில் அறியாதார் இல்லை. அந்தப் பொறுப்பாளரைக் குறிக்கும் அரபுச் சொல் காஃபில். வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களே, கஃபீல் என்ற சொல்லைக் கேட்டால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டவரா? ஊருக்குப் போக அனுமதி கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவரா? அவர் வாசலில் நீங்கள் ஸலாம் சொல்லிச் சிரித்தபடி நின்றீர்களே, அந்தச் சிரிப்பு உள்ளத்திலிருந்து வந்ததா? அந்தச் சிரிப்பைத்தான் ஜுப்பா அணிந்த நம் பிள்ளைகளின் காணொளிகளில் நான் இப்போது காண்கிறேன். ஒரே சொல், ஒரே வேர். அங்கே அதன் கீழ் நசுங்குகிறவர், இங்கே வேறொருவருக்கு அதுவாக ஆகிவிடுகிறார். எல்லா அரபு முதலாளிகளும் அப்படியல்லர். எல்லாப் பொறுப்பாளர்களும் அப்படியல்லர். ஆயினும் நன்றியைக் கேட்டு வாங்கும் உரிமை தமக்கு உண்டு என்று எவர் நினைத்தாலும் அவர் அந்தப் பாதையில் ஓரடி வைத்துவிட்டார்.

திருக்குர்ஆன் காட்டும் கஃபீல் யார்? மர்யம் (அலை) அவர்களின் பொறுப்பை ஏற்ற ஸகரிய்யா (அலை) அவர்கள். ஆலு இம்ரான் ஸூராவின் 37ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். அந்தப் பிள்ளை இருந்த மிஹ்ராபுக்குள் அவர் நுழையும்போதெல்லாம் அங்கே உணவு இருப்பதைக் காண்கிறார். அவர் கொடுத்ததன்று அது. எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். அல்லாஹ்விடமிருந்து என்று பிள்ளை சொல்கிறது. நம்மில் ஒருவராக இருந்தால், நான் இருக்கும்போது வேறெங்கிருந்து வாங்கினாய் என்று மனம் புண்பட்டிருப்போம். ஸகரிய்யா நபி என்ன செய்தார்? அந்த இடத்திலேயே தம் இறைவனை நோக்கித் தமக்கென ஒரு சந்ததியை வேண்டினார். கவனியுங்கள்: அவருக்குள்ளும் ஓர் ஏக்கம் இருந்தது, பிள்ளையில்லாத முதியவரின் ஏக்கம். அந்த ஏக்கத்தை அவர் மர்யமின் தோளில் ஏற்றவில்லை. நீ என்னைத் தந்தையென்று அழை என்று கேட்கவில்லை. ஏக்கத்தை அதற்குரியவனிடம் கொண்டுபோய் வைத்தார்.

வளர்ப்பு மகனான ஸைதை, ஹாரிஸாவின் மகன் என்று அவருடைய தந்தையின் பெயராலேயே அழைக்கச் செய்தது நம் மார்க்கம். அஹ்ஸாப் ஸூராவின் 5ஆம் வசனம் அதற்காகவே இறங்கியது. நபியின் வளர்ப்பு மகனுக்கே தந்தையின் பெயர் திருப்பித் தரப்பட்டது என்றால், மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு 'அத்தா' என்ற சொல்லை விலை பேச நாம் யார்? சொல்லிக்காட்டுதலாலும் நோவினையாலும் தர்மங்களைப் பாழாக்க வேண்டாம் என்ற பகரா ஸூராவின் எச்சரிக்கையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் விளக்குகிறேன். சொல்லிக்காட்டுதல் என்றால் வாயால் சொல்வது மட்டும்தான் என்றே இத்தனை நாளும் விளக்கிவந்தேன். பிள்ளையையே எழுத்தால் சொல்லவைப்பது அதன் நயமான வடிவம் என்பது எனக்கு அந்தத் தாய் வாசலில் நின்ற அன்றுதான் விளங்கியது.

"கடிதமும் படமும் இல்லையென்றால் பணம் பிள்ளைக்குத்தான் போகிறது என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. அநாதைகளின் பெயரால் கட்டடமும் வாகனமும் வாங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் கணக்குக் கேட்க வேண்டியவர் யார்? நிர்வாகி. சாட்சியாக நிற்க வேண்டியது ரசீதும் வங்கிப் பதிவும் ஜமாஅத்தின் தணிக்கையும். அநாதையின் பொருளை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படி அந்நிஸா ஸூரா ஏவுவது பொறுப்பாளரைத்தான். பிள்ளையின் முகத்தை ரசீதாக்கச் சொல்லவில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்கிறேன், நம் நிர்வாகிகள் பலர் அறியாதது: இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வேறு, சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவர் ஒரு மதரஸாவுக்கு அனுப்புவது வேறு. பின்னது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். பதிவில்லாமல் வாங்கினால் குற்றம். நிய்யத் நன்றாக இருப்பது அங்கே பதிலாகாது.

இதைவிட எனக்கு முதன்மையாகப் படும் கேள்வி வேறு. அந்தப் பிள்ளையை மலையிலிருந்து இறக்கியதே சரியா? அவனுக்குத் தாய் இருந்தாள். தாயிடம் இல்லாதது பணம்தான். அந்தப் பணம் நேராக அவள் கைக்குப் போயிருந்தால் அவன் தன் தங்கையோடு வளர்ந்திருப்பான். மலையிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போய்க்கொண்டே மாலையில் ஓதியிருப்பான். நாம் அப்படிச் செய்வதில்லை. விடுதியில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் படத்துக்கு நன்றாக இருக்கிறார்கள். மிளகுக் களத்தில் நிற்கும் விதவை படத்துக்கு ஏற்றவளாக இல்லை. கணவனை இழந்த தாயிடம் வளரும் பிள்ளைக்கு, கிராமப்புறமானால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் பெற வழியுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். நான்காண்டுகளில் அந்தத் தாய்க்கு அதை எடுத்துச் சொல்ல என் நாவு எழவில்லை. எடுத்துச் சொன்னால் மதரஸாவில் ஒரு பிள்ளை குறையும் என்ற கணக்கு என் மனத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்ததோ என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

கரும்பலகைக் கடிதத்தை நான் நிறுத்திவிட்டேன். படங்களையும் நிறுத்திவிட்டோம். முதவல்லி முதலில் சினந்தார். அவர் சினந்ததும் பொய்யாகவில்லை: ஐந்து பொறுப்பாளர்களில் இருவர் விலகிவிட்டனர். ஒருவர், "பதில் எழுதுற பிள்ளையா வேற ஒண்ணு பாத்துக் கொடுங்க" என்று வெளிப்படையாகவே கேட்டார். அந்த இரு பிள்ளைகளின் செலவை இப்போது ஜும்ஆ வசூலில் சரிக்கட்டுகிறோம். ஒவ்வொரு மாதமும் பற்றாக்குறைதான். இந்த இழப்பை நான் சிறிதென்று சொல்லமாட்டேன்.

சென்ற மாதம் செம்மேட்டுக்குப் போனேன். மலை ஏறுவதற்குள் எனக்கே தலை சுற்றிவிட்டது. சிறுவன் எட்டாம் வகுப்பில் இருக்கிறான். என்னைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டான். கடிதம் எழுதச் சொல்ல வந்திருப்பதாக நினைத்தானாம். அவன் தாய் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டத்துக்கான விண்ணப்பத்தை இருவருமாக நிரப்பினோம்.

குரல்பதிவு அனுப்பிய சகோதரருக்கு இவ்வளவையும் விளக்கி எழுதினேன். நீங்கள் விரும்பினால் இனி தாயின் வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம், பதிலுக்குக் கடிதமோ படமோ வராது, ஆண்டுக்கொருமுறை அவர் கையொப்பமிட்ட வரவுச்சீட்டு மட்டும் வரும் என்று சொல்லியிருக்கிறேன். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. இரண்டு வாரமாகிறது. இஷாவுக்குப் பின் கைப்பேசியை நானும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.